ஒற்றைப்படை

ஸ்ரான்லி வீதிக் கூரியர்க் கடைப் பொடியன்
பொதியின் மேலிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தான்:
குறை-கடத்திப் பளிங்கு.
"குறைவாக் கடத்தினால் பிடிக்க மாட்டினமோ, அக்கா?"
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
ஐந்நூறு மில்லிகிராம்.
கறுத்த, மினுங்குகிற ஒரு சிட்டிகை.
பென்சில் கரியைப்போல் விரலில் ஒட்டிக்கொண்டது.

நடுவில் மொலிப்டினம், மேலும் கீழும் கந்தகம்.
அப்படி ஒன்று, அதன்மேல் ஒன்று,
எண்ண முடியாத படைகள்.

படை என்ற சொல்லை நாங்கள்
பாடப்புத்தகத்திலிருந்துதான் எடுத்துப் பாவிக்கிறோம்:
ஓசோன் படை, எண்ணெய்ப் படை, மண்படை.
ஆனாலும் தயாபரி குறிப்புக் கொப்பியில்
அடுக்கு என்றே எழுதுவாள்.
ஏன் என்று நான் கேட்டதில்லை.

உரிக்க வேண்டியது செலோரேப்,
பரமேஸ்வராச் சந்தியில் வாங்கியது.
ஒட்டு, மடி, இழு.
ஒட்டு, மடி, இழு.
ஒவ்வோர் இழுவைக்கும் கறுப்பு மெலிந்து
சாம்பலாகி, புகையாகி,
கடைசியில் ரேப்பில் எதுவுமே இல்லையென்று தோன்றும்போது
சிலிக்கன் வில்லையில் அழுத்தி எடுக்கவேண்டும்.

பிறகு தேடல். மூன்று கிழமை.
நுணுக்குக்காட்டியின் கீழே ஊதா வெளி.
தடித்த துண்டுகள் மஞ்சளாய்ப் பகட்டும்,
மெலிந்தவை நீலம்.
நாங்கள் தேடியது
ஊதாவிலும் கொஞ்சம் வேறான ஊதா;
தோய்த்தும் போகாத தேத்தண்ணிக் கறை
வெள்ளைச் சட்டையில் நிற்குமே, அந்த அளவு.
"இதுவோ?" என்பாள். "இல்லை, தூசி" என்பேன்.
"இதுவோ?"

அது கிடைத்தது ஒரு வியாழக்கிழமை.
தலைமயிரின் ஆறில் ஒரு பங்கு அகலம்,
தடிப்பென்று சொல்ல மூன்றே அணு.

தடித்த பளிங்கில் பச்சை லேசரை அடித்தால்
இலத்திரன் எழும், எழுந்த இடத்தில் துளை விழும்.
திரும்பி இறங்கத்தான் நேர்வழி இல்லை.
ஏறிய படியும் இறங்கும் படியும் வேறு வேறு வளவில்.
அலைந்து அலைந்து சூடாகி முடியும்.
ஒன்றை மட்டும் உரித்து எடுத்தால்
படிகள் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன.
மேலும் கீழும் வெறுமை,
இடையில் புகுந்து மறைக்க ஆளில்லை.
இலத்திரனும் அது விட்டுப்போன துளையும்
ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துச் சுற்றும்,
ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் சில பங்கு நேரம்.
பிறகு விழும்.
விழுந்தால் வெளிச்சம்.

எழுத இவ்வளவுதான். அளக்கப் போனால்
முன் ஒழுங்கைக் கல்யாண மண்டபத்தில்
மின்குமிழ்த் தோரணம்.
கறுப்புத் துணியை இரட்டையாய்த் தொங்கவிட்டும்
யன்னல் நிலையால் கசிந்து வந்து
நிறமாலை முழுக்க யாரோ ஒருவரின் கல்யாணம்.

எட்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது.
திருநெல்வேலி முழுக்க.
மண்டபத்து ஜெனறேற்றர் இரண்டுமுறை இருமிவிட்டு நின்றது.
அப்படி ஓர் இருட்டை நாங்கள்
காசு கொடுத்தாலும் வாங்கியிருக்க ஏலாது.
யூ.பி.எஸ். பெட்டி கீச்சிட்டது: பதினொரு நிமிடம்.
தயாபரி ஒன்றும் பேசாமல் லேசரைப் போட்டாள்.
அறுபது செக்கன் திறந்து வைத்தோம். மீண்டும் அறுபது.
திரையில் தட்டையாய்க் கிடந்த கோடு
அறுநூற்று அறுபத்தெட்டில்
எழும்பத் தொடங்கியது.
கண்ணுக்குச் சிவப்பேதும் தெரியவில்லை,
அதைப் பொய் சொல்ல மாட்டேன்.
கோடுதான் எழும்பியது.
"ஓம்" என்றாள், அவ்வளவுதான்.
கோப்புக்குப் பெயர் வைக்க நேரமிருக்கவில்லை.

அடுத்த நாள் உயரம் பாதி.
உப்புக்காற்றோ, எங்கள் லேசரின் அவசரமோ.
எங்கோ ஒரு கந்தக அணு கழன்றிருக்கலாம்.
கழன்ற இடமும் ஒளிருமாம்,
இன்னும் ஆழ்ந்த சிவப்பில், கடுங்குளிரில் வைத்தால்.
எங்களிடம் இருப்பது ஒரு ஃபிறிட்ஜ்,
அதற்குள் தயாபரியின் தயிர்ச் சட்டி.

கொப்பியைப் பிறகு புரட்டினேன்.
அடுக்கு எண்ணிக்கை என்ற இடத்தில்
ஒன்று என்று எழுதி, வெட்டி,
பக்கத்தில்
ஒற்றைப்படை.